சாரைக்கு ஊற்றிய பால்

அருணாசலம் ஊராட்சித் தேர்தலில் நின்று பதினேழு ஓட்டில் தோற்றவர். தோற்றாலும் மலைமேல் குண்டூர் நாட்டு ஊர்களில் அவரைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜெயித்தவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. தோற்றவர் கூப்பிடாமலே திரும்பிப் பார்த்தார்.

ஐம்பது வயதில் மிளகுத் தோட்டத்தை மனைவி கலைச்செல்வி பார்த்துக்கொள்ள, அவருக்குப் பார்த்துக்கொள்ள ஒரு பொதுத்தொண்டு தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து மலைக்குக் கீழே ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் பாம்பு விழிப்புணர்வு முகாம் நடந்தது. காலையில் திரையில் படம் போட்டு விளக்கினார்கள். மதியம் தக்காளி சாதம். சாயங்காலம் சான்றிதழ், 'பாம்புகளின் நண்பன்' என்று நெஞ்சில் அச்சடித்த டீ சர்ட், நுனி வளைந்த இரும்புக் கம்பி ஒன்று. உயிருள்ள பாம்பு ஒன்றே ஒன்றுதான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதைப் பார்க்க வரிசையில் நின்று, தன் முறை நெருங்கியபோது அருணாசலத்துக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது. மணி அடிக்காத போன்.

ஆனாலும் பஸ் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் அவர் நிபுணராகிவிட்டார். அடுத்த வாரம் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பிளக்ஸ் முளைத்தது. முறுக்கிய மீசை, கையில் கம்பி, முதுகுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குப் படமெடுத்து நிற்கும் நாகம். நாகம் கம்ப்யூட்டரில் சேர்த்தது. 'பாம்பா? பதற்றம் வேண்டாம். அழையுங்கள் பாம்புகளின் பாதுகாவலரை' என்று எழுதி, கீழே போன் நம்பர்.

யாரும் அழைக்கவில்லை. மலைக்காரர்களுக்குப் பாம்பு வந்தால் போன் செய்கிற பழக்கம் இல்லை. ஆகவே பாதுகாவலர் தானே தேடிப் போனார். நூறு நாள் வேலை நடக்கிற ஓடைக்கரைக்குப் போய், மண்வெட்டியும் கையுமாக நின்ற பெண்களை நிழலில் உட்கார வைத்தார். வேலை நேரத்தில் நிழலில் உட்காரக் கிடைத்தால் யார்தான் விழிப்புணர்வு பெற மாட்டார்கள்?

"நம்ம கண்ணுல படற பத்துப் பாம்புல எட்டுக்கு விசமே கிடையாதும்மா. சாரை, பச்சைப்பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி, தண்ணிப்பாம்பு எல்லாம் அப்பாவி. சாரை வாலால அடிச்சா சதை அழுகும்கிறதும், பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும்கிறதும் மூடநம்பிக்கை. அடையாளம் தெரியாததாலதான் நாம அடிச்சுக் கொல்றோம். அறியாமை, அம்மா, அறியாமை."

பெருமாயி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். "எங்கூட்டுக் குதிருக்கு அடியில ஒண்ணு கெடக்குதுங்க தலைவரே. பதினோரு வருசமா. சாரைதானுங்க."

"சாரைன்னு எப்படிம்மா அடையாளம் கண்டுபிடிச்சீங்க?" என்று நிபுணர் கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பக்கத்தூட்டு ஆள எப்படிக் கண்டுபிடிக்கிறனோ அப்படித்தானுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அருணாசலமும் பெருந்தன்மையோடு சிரித்தார். அவருக்குள் ஒரு வீடியோ ஓட ஆரம்பித்திருந்தது. மலைவாழ் மூதாட்டியின் குதிருக்கடியில் சாரை, பக்கத்தில் பாதுகாவலர், பின்னணியில் புல்லாங்குழல்.

பெருமாயி அறுபதைத் தாண்டியவள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தனியாகத்தான் இருந்தாள். வீட்டை ஒட்டிய அறையில், மண்ணால் பூசிய குதிரில் விதைக்கு வைத்த சாமையும் சாப்பாட்டுக்கு வைத்த சாமையும் இருந்தன. வீடியோ என்றதும் அவள் மறுப்புச் சொல்லவில்லை.

"நான் வேலைக்குப் போயிருவனுங்க. கதவு சும்மாதான் சாத்தியிருக்கும், போயி எடுத்துக்கோங்க. பத்து மணிக்கு அது வெயில் காய வெளிய போகும். வழிய மட்டும் மறிச்சு நிக்காதீங்க. மத்தபடி ஒண்ணும் பண்ணாது."

மறுநாள் பத்து மணிக்கு அருணாசலம் டீ சர்ட்டும் கம்பியுமாகப் போனார். குதிருக்கு எதிரே ஒரு மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்தார். படத்தில் தன் முகமும் குதிரும் ஒன்றாகத் தெரிய எங்கே நிற்பது என்று தேடினார். சுவரின் அடியில் வெளிச்சம் வந்த ஒரு பொந்துக்கு முன்னால் நின்றால் எடுப்பாக இருந்தது. அங்கேயே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பார்ந்த மலைவாழ் மக்களே" என்று ஆரம்பித்தார்.

சாரை நேரம் தவறாதது. குதிருக்கு அடியிலிருந்து ஆறடி நீளத்துக்கு வழிந்து வந்தது. பொந்தை நோக்கி வந்து, பொந்து இருந்த இடத்தில் இரண்டு கால்கள் இருப்பதைப் பார்த்து நின்றது. தலையைத் தூக்கிற்று. போக வழியில்லாத எந்தச் சாரையும் செய்வது போலக் கழுத்தை உப்பிக்கொண்டு ஒரு சத்தம் போட்டது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அருணாசலத்துக்கு வரிசையாக ஞாபகமில்லை. கம்பி எங்கேயோ விழுந்தது. மூலையில் சாத்தியிருந்த உலக்கை கைக்கு எப்படியோ வந்தது. "அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் அடியிலேயே தலை போய்விட்டது. அவர் இன்னும் நாலு அடி அடித்தார்.

சத்தம் கேட்டு முதலில் வந்தவர், ஊர் வழக்கங்களைத் தீர்த்துச் சொல்கிற ஊர்க்கவுண்டர் செங்கோடன். எழுபது வயது, அதிகம் பேசாதவர். அவருக்குப் பின்னால் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர்.

"என்னாச்சு தம்பி?"

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. 'பயந்து அடிச்சுட்டேனுங்க' என்று சொல்ல அதற்கு மேல் நேரம் வேண்டியதில்லை. ஆனால் செங்கோடனின் பார்வை டீ சர்ட்டின் நெஞ்சில் இருந்த எழுத்துகளை மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தது. கடைசி எழுத்துக்கு அது வருவதற்குள் அருணாசலம் சொல்லிவிட்டார்.

"நல்ல பாம்புங்க. படம் எடுத்துச்சு. குழந்தைக நடமாடற எடம், வேற வழியில்ல."

அந்த வீட்டில் குழந்தை நடமாடி முப்பது வருஷம் ஆகிறது. செங்கோடன் குனிந்து பாம்பைப் பார்த்தார். இல்லாத தலையில் ஆரம்பித்து, இருக்கிற வால் வரைக்கும் பார்த்தார். வால் பக்கத்துச் செதில்களில் கறுப்புக் கட்டங்கள் பளபளத்தன.

"நல்ல பாம்பா?"

"ஆமாங்க."

"சரி. அப்ப மொறையாச் செய்யணும்."

ஆள் போய்ச் சொல்லி, வேலையை விட்டுப் பெருமாயி வந்தாள். உட்கார்ந்து, வாலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வால் நுனி ஒரு விரற்கடை இல்லை. என்றைக்கோ கதவிடுக்கில் போனது. அதைப் பார்த்துவிட்டு அருணாசலத்தைப் பார்த்தாள்.

"நல்ல பாம்புங்களா தலைவரே?"

"ஆமாம்மா. உங்க சாரை வேற எங்கயாச்சும் போயிருக்கும்."

"சரிங்க," என்று எழுந்து, பால் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.

நல்ல பாம்பை அடித்துவிட்டால் பால் ஊற்றி, துணி சுற்றிப் புதைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அருணாசலத்துக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அதைச் செங்கோடன் சொன்னார்.

"அடிச்சவரு மீசைய எடுத்துரணும். ஈரத்துணியோட நிக்கணும். மூணு நாளைக்கு உப்பில்லாமச் சாப்பிடணும். வழக்கம்."

"மீசைங்களா? நான் கேள்விப்பட்டதில்லையே."

"இந்த ஊர்ல எவன் நல்ல பாம்ப அடிச்சான், நீ கேள்விப்பட?"

ஒரு பொய் சொன்னவனுக்கு வழக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வாய் இருப்பதில்லை. அரைமணி நேரத்தில் அருணாசலத்தின் மேலுதடு வெயிலைப் பார்த்தது. இருபத்தெட்டு வருஷமாக அது பார்க்காத வெயில். அவருடைய புதுத் துண்டில் பாம்பைச் சுற்றினார்கள். பலாமரத்துக்குப் பக்கத்தில் குழி. ஊரே நின்றது. யாரும் பேசவில்லை. பெருமாயி சொம்பிலிருந்து பாலை ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரைக்கும், சொம்பைக் கவிழ்த்துத் தட்டி ஊற்றினாள். ஈரவேட்டி காலில் ஒட்ட நின்ற அருணாசலத்துக்கு அந்தத் தட்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது.

அன்றைக்கே ஊர் வாட்ஸ்அப் குழுவில் பாம்பின் படம் வந்தது. கீழே அவர் எழுதினார்: 'மக்களின் உயிர் காக்க, கனத்த இதயத்தோடு ஒரு நல்ல பாம்பின் உயிரைப் பறிக்க நேர்ந்தது. ஆழ்ந்த வருத்தங்கள்.' நாற்பத்திமூன்று பேர் கைகூப்பினார்கள். அவர்களில் ஒருவருக்காவது சாரையைத் தெரியாமலா இருக்கும் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. நாற்பத்திமூன்று என்பது பதினேழைவிட அதிகம் என்பதை மட்டும் யோசித்தார்.

கலைச்செல்வி உப்பில்லாத களியைத் தட்டில் வைத்தபடி கேட்டாள். "ஏனுங்க, படம் எடுத்துச்சுன்னீங்களே, எவ்வளவு அகலம் இருந்துது?"

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மறுநாளும் கேட்டாள். இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார்.

"வளருதுங்க," என்றாள் அவள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

போனில் வீடியோ இருந்தது. மூட்டை மேல் சாய்ந்திருந்த போன் எல்லாவற்றையும் எடுத்திருந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். 'அன்பார்ந்த மலைவாழ் மக்களே.' பாம்பு வருகிறது. நிற்கிறது. வீடியோவில் பார்க்கும்போது அது அவரைப் பார்க்கவே இல்லை என்பது தெரிந்தது. அது பொந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருதரம், அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பின்வாங்கக்கூடச் செய்தது. திரும்பிப் போகலாமா என்று நினைத்திருக்கும். அந்த இடத்தில்தான் உலக்கை விழுந்தது.

அழித்துவிடலாம். விரலை அந்தக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு மேல் கொண்டுபோவார். பிறகு இன்னொருதரம் பார்ப்பார். மீசை வளர வளரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீசை அரைகுறையாக முளைத்திருந்த நாளில் பெருமாயி வீட்டில் எலி வந்த செய்தி வந்தது. எலிப்பொறி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். எதற்காகப் போகிறார் என்று கேட்டால், சொல்லிவிடுவதற்காக. நடக்கும்போதே வாக்கியத்தைத் தயார் செய்தார். 'அம்மா, ஒரு உண்மையை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.' அவருக்கு மன்னிப்புக்கூட மேடை இல்லாமல் வராது.

குதிரின் அடிப்பூச்சில் கை நுழைகிற ஓட்டை. பெருமாயி முறத்தில் சாமையைப் போட்டு எலிப்புழுக்கையைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விதைச் சாமையில் பாதிக்கு மேல் உமியாகக் கிடந்தது. இன்னும் இரண்டு மழை பெய்தால் விதைக்க வேண்டியது.

"பொறி கொண்டாந்தேன்ம்மா."

"வையுங்க."

வைத்தார். நின்றார். அவள் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "பதினோரு வருசமா ஒரு எலி எட்டிப் பாக்கலீங்க. எங்கூட்டுச் சாரை எங்கயோ போயிருச்சாட்ட இருக்குது." முறத்திலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவசரப்படாமல், பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை. "எங்க போயிருக்கும்ங்க?"

இதைவிட அகலமாக யாரும் கதவைத் திறந்து வைக்க முடியாது. அருணாசலத்தின் வாயில் அந்த வாக்கியம் முழுசாக இருந்தது. நாக்கு அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

"வந்துரும்மா," என்றார். "வந்துரும்."

அவள் மறுபடி முறத்தைப் பார்த்தாள். அவர் வெளியே வந்து, பலாமரத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் அவருடைய பிளக்ஸ் நம்பருக்கு முதல்முறையாக அழைப்பு வந்தது. ரேஷன் கடை விமல்ராஜ். அடிவாரத்து ஊர்க்காரன், தினமும் காலை பஸ்ஸில் மேலே வருகிறவன். "சார், கடைக்குள்ள நல்ல பாம்பு சார். உடனே வாங்க."

அருணாசலம் போனபோது விமல்ராஜ் கையில் கடப்பாரையோடு மேசை மேல் நின்றிருந்தான். எதிரே இருபது பேர் பையோடு வரிசையில் நின்றார்கள். பாம்பைப் பற்றி அவர்களுக்குப் புகார் ஏதும் இல்லை. பில் போடாமல் மேசை மேல் நிற்கிறான் என்பதுதான் புகார். வரிசையில் பெருமாயி இருந்தாள். அவளுக்கு நாலு பேர் தள்ளிச் செங்கோடன்.

தராசுக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே அது சுருண்டு கிடந்தது. மஞ்சளும் பழுப்புமாய் நீண்ட உடம்பு, பெரிய கண், வால் பக்கம் கறுப்புக் கட்டம்.

"சாரைடா அது," என்றது வரிசையில் ஒரு பெண்குரல். "எறங்கி அரிசியப் போடு கண்ணு."

"சும்மா இருங்க அக்கா." விமல்ராஜ் போனை எடுத்து நீட்டினான். "இந்தாங்க, தலைவர் குரூப்ல போட்ட படம். அதே நிறம், அதே நீளம், வால்ல அதே கட்டம். கீழ அவரே நல்ல பாம்புன்னு எழுதியிருக்காரு. சர்ட்டிபிகேட் வச்சிருக்கறது அவரா, நீங்களா?" அருணாசலத்தைப் பார்த்துக் கடப்பாரையை உயர்த்தினான். "நீங்க அடிக்கிறீங்களா சார், நான் அடிக்கட்டுங்களா?"

அருணாசலம் போனைப் பார்த்தார். கனத்த இதயத்தோடு. ஆழ்ந்த வருத்தங்கள். பையன் சொல்வதில் தப்பே இல்லை. அவர் எழுதியதைப் படித்து, நம்பி, அதன்படி அடையாளம் கண்டிருக்கிறான். இந்த மலையில் அவரிடம் பாடம் கற்றுக்கொண்ட ஒரே மாணவன்.

கடப்பாரை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"அடிக்காத," என்றார். "அது சாரைதான். அன்னிக்கு நான் அடிச்சதும் சாரைதான். பயத்துல அடிச்சேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

தயார் செய்து வைத்திருந்த எந்த வாக்கியமும் அதில் இல்லை. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இருபது பேரும் இப்போது ஒன்றாக ஏதாவது சொல்வார்கள், காறித் துப்புவார்கள், குறைந்தபட்சம் மூச்சையாவது இழுப்பார்கள் என்று காத்திருந்தார்.

"தெரியுமுங்க," என்றாள் பெருமாயி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னிக்கும் வழியத்தான் மறிச்சு நிக்கிறீங்க."

கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். கழிவுநீர் போகிற ஓட்டைக்கு முன்னால் அவருடைய கால்கள் இருந்தன. தள்ளி நின்றார். சாரை சுருளைப் பிரித்து, தரையோடு தரையாக ஓடி, ஓட்டையில் நுழைந்து, வால் கடைசியாகப் போனது. வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது. விமல்ராஜ் மேசையிலிருந்து இறங்கினான்.

"எல்லாருக்குமா தெரியும்?"

"வால் நுனிகூட எங்க போச்சுன்னு தெரியுமுங்க," என்றார் செங்கோடன். "பெருமாயி ஊட்டுக் கதவிடுக்குல."

"அப்ப அந்த மீசை... உப்பில்லாத களி..."

"பாலும் துணியும் வழக்கம். மீசையும் உப்பும் நான் சேத்துனது." செங்கோடன் தன் ரேஷன் கார்டைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்தார். "அதுலயாவது உனக்கு வாய் வரும்னு பாத்தேன் தம்பி. நீ சவரம் பண்ணிட்டு வந்து நின்ன."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு ஆள் மட்டும், அதுவும் சீக்கிரம் நின்றுவிட்டது. எல்லாரும் சேர்ந்து சிரித்திருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். அந்தப் பலாமரத்தடியில் ஊரே பேசாமல் நின்றது பாம்புக்கு மரியாதை என்று நினைத்திருந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஈரவேட்டியோடு, மழித்த உதட்டோடு நிற்கிறவன் எப்போது சொல்வான் என்று ஒவ்வொருவரும்.

பெருமாயி அரிசி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் வாசலில் நின்றார்.

"தெரிஞ்சும் ஏன்ம்மா பால் ஊத்துனீங்க?"

"சாரைக்கு யாருங்க பால் ஊத்துவா? செத்தா வால்ல புடிச்சுப் பள்ளத்துல வீசிருவாங்க." பையைத் தோள் மாற்றினாள். "பதினோரு வருசம் எஞ்சாமையக் காத்துது. நீங்க நல்ல பாம்புன்னு சொன்னதுல அதுக்கு ஊரே வந்து நின்னுது. புதுத் துண்டு கெடச்சுது. சரி, இருக்கட்டும்னு ஊத்துனேன்."

"நான் என்ன செய்யட்டும்ம்மா? சொல்லுங்க, செய்யறேன்."

"ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. எலி இருந்தாச் சாரை தானா வரும். அது வர்ற வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் வராம இருந்தாப் போதும்."

கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள். மழை வரும், குடை எடுத்துக்கோ என்பது மாதிரி.

அன்று மத்தியானம் பஸ் நிற்கிற இடத்தில் அருணாசலம் ஏணி போட்டு ஏறி, பிளக்ஸின் கயிறுகளை அவிழ்த்தார். சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது பெருமாயி வீட்டு வழியில்தான் போக வேண்டியிருந்தது. அவள் வாசலில் சாக்கை விரித்து, மிஞ்சிய விதைச் சாமையை வெயிலில் காய வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கில் ஓட்டை இருந்தது.

"அத என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"குடுத்துட்டுப் போங்க."

வேலிக்கு வெளியே நின்றபடியே கொடுத்தார். அவள் வாங்கி, ஒரு உதறு உதறி, மீசையும் நாகமும் மண்ணைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்தாள். வெள்ளைப் பக்கம் சுத்தமாக இருக்கும், சாமை தெளிவாகத் தெரியும். அதற்காகத்தான் அப்படி விரித்திருப்பாள். அருணாசலம் கேட்கவில்லை. அவள் சாமையைக் கொட்டிக் கையால் பரப்ப ஆரம்பித்தாள். அவர் வேலியை விட்டு இரண்டு அடி தள்ளி, எதற்கும் குறுக்கே நிற்காத இடமாகப் பார்த்து நடந்தார்.